கை நீளமும் மூக்கு நீளமும்: தொழில் செய்பவர்களுக்கு ஒரு செல்ஃபி விளக்கம்

என் அக்கா மகள் பிசியோதெரபிஸ்ட். திருச்சி தில்லைநகரில் சின்னதாக ஒரு கிளினிக் ஆரம்பித்திருக்கிறாள். கூகுள் மேப்ஸில் போட ஒரு படம் வேண்டும், வாட்ஸ்அப் பிசினஸுக்கும் ஒன்று வேண்டும். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எனக்கு ஏழு செல்ஃபிகள் வந்து விழுந்தன. கூடவே, "மாமா, எதைப் போடட்டும்?"

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்குள் குடும்பக் குழுவில் விவாதமே முடிந்துவிட்டது. "செல்ஃபியைப் போட்டா ஒருத்தனும் மதிக்க மாட்டான், ஸ்டுடியோவுல போய் எடு" என்றார் அத்தான். "இப்பல்லாம் முகத்தைக் காட்டினாத்தான் ஆள் வரும், தினமும் ஒண்ணு போடு" என்றான் அவள் தம்பி. இரண்டு பேரும் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

வக்கீல், ஆடிட்டர், டியூஷன் டீச்சர், மேக்கப் கலைஞர் என்று இணையத்தில் முகம் காட்டிப் பிழைக்க வேண்டிய எல்லாருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அத்தான் சொன்னதில் எந்தப் பாதி சரி, தம்பி சொன்னதில் எது சரி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கேமரா பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

## முதலில், எதைச் செல்ஃபி என்கிறோம்?

தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம் எல்லாமே செல்ஃபிதான். இது செல்போனோடு பிறந்த பழக்கம் இல்லை. 1839-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் கேமராவை நிறுத்தி வைத்துத் தன்னையே படம் பிடித்தார். இன்றும் அந்தப் படம் இருக்கிறது. தலைமுடி கலைந்து, சட்டகத்துக்கு நடுவில்கூட இல்லாமல் ஓரமாக நிற்கிறார். செல்ஃபி என்ற சொல்லுக்குத்தான் வயது குறைவு. 2002-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இணையத்தில் எழுதியதுதான் கிடைத்திருக்கும் பழைய பதிவு. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள்.

கார்னீலியஸ் எடுத்ததற்கும் நாம் எடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கேமராவை விட்டுத் தள்ளி நின்றார். நாம் கேமராவைக் கையில் பிடித்திருக்கிறோம். அதனால் இந்தக் கட்டுரைக்காக இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். கையில் பிடித்து எடுப்பது கைநீளப் படம். போனை எங்காவது சாய்த்து வைத்து, நேரம் குறித்துவிட்டு, தள்ளிப் போய் நின்று எடுப்பது டைமர் படம். இரண்டும் செல்ஃபிதான். ஆனால் "செல்ஃபி கேவலமாக இருக்கும்" என்று சொல்பவர்கள் திட்டுவது பெரும்பாலும் கைநீளப் படத்தை மட்டும்தான். குற்றவாளி செல்ஃபி அல்ல, கையின் நீளம். எப்படி என்று சொல்கிறேன்.

## படியேறும் முன்பே முடிவாகிவிடும்

தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். அடுத்தடுத்து இரண்டு மெஸ். போர்டு இரண்டிலும் ஒன்றுதான், "வீட்டுச் சாப்பாடு". ஒன்றின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தலை நிமிர்ந்து பார்க்கிறார். இன்னொருவர் போனிலேயே இருக்கிறார். சாம்பார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கால் ஏதோ ஒரு படியில் ஏறிவிடும். இணையத்தில் உங்கள் படம்தான் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

இந்த முடிவு எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜெனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் சொன்ன பதிலும், நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்ன பதிலும் பெரிய அளவில் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை, சொன்னதில் உறுதிதான் கூடியது. இந்தக் கணநேரத் தீர்ப்பைத்தான் முதல் அபிப்ராயம் என்கிறோம். அது சரியான தீர்ப்பு என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். வேகமான தீர்ப்பு, அவ்வளவுதான்.

முகத்தைப் பார்க்கும் மனம் என்னதான் தேடுகிறது? சூசன் ஃபிஸ்க்கும் அவரோடு சேர்ந்த உளவியலாளர்களும் 2002-ல் இதை இரண்டே கேள்விகளாகச் சுருக்கினார்கள். இவர் எனக்கு நல்லது நினைப்பவரா? நினைத்ததைச் செய்து முடிக்கக் கூடியவரா? நம் பேச்சில் சொன்னால், நல்லவரா, வல்லவரா. ஆங்கில ஆய்வுகளில் முதலாவதை வெதுவெதுப்பு என்ற பொருளில் சொல்வார்கள். நமக்கு அது வெந்நீரைத்தான் நினைவுபடுத்தும், எனவே நல்லவர், வல்லவர் என்றே வைத்துக்கொள்வோம்.

அத்தானின் கவலை வல்லவரைப் பற்றியது. தம்பியின் கவலை நல்லவரைப் பற்றியது. அதனால்தான் இருவரும் ஒரே படத்தைப் பார்த்து எதிரெதிராகப் பேசினார்கள்.

## கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தால்

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். அடி நிலை மலை மாதிரி இருக்கும். பதின்மூன்றாவது நிலையும் கலசங்களும் சுருங்கி எங்கோ போயிருக்கும். அப்படியே தெருவில் பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு நிலையும் அதனதன் அளவுக்கு வந்துவிடும். கோபுரம் மாறவில்லை. நீங்கள் நின்ற தூரம்தான் மாறியது.

முகத்துக்கும் அதே கதைதான். மூக்கு நுனி, கேமராவுக்குக் கோபுரத்தின் அடி நிலை. காதுகள், கலசம். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42-ல் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் ஊதிப் பதிவாகிறது. அதே கேமரா 150 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் காது 162-ல். வகுத்தால் 1.08. வெறும் 8 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் இந்த விஷயத்துக்குப் பெயர் பெர்ஸ்பெக்டிவ். பலரும் "முன் கேமரா லென்ஸ் மோசம், அதான் மூக்கு பெருசா இருக்கு" என்பார்கள். லென்ஸின் மேல் பழி போட வேண்டாம். முன் கேமராவில் விரிந்த பார்வை கொண்ட லென்ஸ் இருப்பதால் பக்கத்தில் வைத்தாலும் முழு முகமும் அடங்கிவிடுகிறது, அதனால் நாம் பக்கத்தில் வைக்கிறோம். லென்ஸ் செய்வது அந்த ஆசை காட்டும் வேலையை மட்டும்தான். மூக்கை ஊத வைப்பது தூரம்.

இது விளையாட்டு விஷயமில்லை. செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லி அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பார்த்த மருத்துவர்கள், அமெரிக்காவில் 2018-ல் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். 150 சென்டிமீட்டர் தூரத்துப் படத்தோடு ஒப்பிட்டால் 30 சென்டிமீட்டர் தூரத்துச் செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று வந்தது. இரண்டு மூன்று முழம் தள்ளி நின்றால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்குக் கத்தி வைத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள் பாவம்.

சரி, மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் தொழிலுக்கு என்ன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2012-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவன ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை 45 சென்டிமீட்டரிலிருந்து ஒரு படமும், 135 சென்டிமீட்டரிலிருந்து ஒரு படமும் எடுத்தார்கள். முகத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்துவிட்டுத் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். பார்த்தவர்கள் கிட்டத்தில் எடுத்த முகங்களுக்கு நம்பகத்தன்மை, திறமை, அழகு எல்லாவற்றிலும் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் விளையாட்டு ஒன்றிலும் கிட்டத்து முகங்களிடம் குறைவாகவே கொடுத்தார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத ஒரு ஆள் நம் முகத்துக்கு நேராக வந்து நின்றால் ஒரு அடி பின்னால் வைப்போமே, அந்தக் கூச்சம்தான் படத்திலும் வேலை செய்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1960-களில், ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் மிக நெருக்கமானவர்களைத்தான் மனிதர்கள் அனுமதிப்பார்கள் என்று வரையறுத்தார். அமெரிக்கர்களை வைத்துச் சொன்ன கணக்கு அது. காலை எட்டரை மணிக்கு நம் டவுன் பஸ்ஸில் அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் பஸ்ஸிலும் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறோம், எதிரே இருப்பவரை மூக்குக்கு மூக்கு பார்த்தபடி நிற்பதில்லை.

சுருக்கமாக: கைநீளப் படம் பார்ப்பவரை உங்கள் முகத்துக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தெரிந்தவருக்கு அது நெருக்கம். தெரியாதவருக்கு இடித்துக்கொண்டு நிற்பது போல. அத்தான் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். அதற்கு மருந்து ஸ்டுடியோதான் என்று இல்லை. ஐந்தடி தள்ளி ஒரு ஸ்டூலில் போனைச் சாய்த்து, டைமர் வைத்து, பின் கேமராவில் எடுத்தாலே போதும். ஆள் சின்னதாகத் தெரிந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கோணம் பற்றி ஒரு வரி. போனைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்தால் கண் பெரிதாகவும் தாடை சிறிதாகவும் வந்து முகத்தில் குழந்தைக் களை ஏறும். குழந்தை முகத்தைப் பார்த்தால் நல்லவர் என்று தோன்றும், வல்லவர் என்று தோன்றாது. வக்கீல்கள் கவனிக்கவும்.

## உங்கள் படத்தை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள்

வாட்ஸ்அப்பில் நீங்கள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நீங்களே திரும்பக் கேட்டதுண்டா? "இதுவா என் குரல்?" என்று ஒரு எரிச்சல் வரும். கேட்கிற மற்றவர்களுக்கு எந்த எரிச்சலும் இல்லை, அவர்களுக்கு அதுதான் உங்கள் குரல். முகத்துக்கும் இப்படி ஒன்று உண்டு.

நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த உங்கள் முகம் கண்ணாடியில் தெரிவது, அதாவது இடவலம் மாறியது. நேரில் உங்கள் வகிடு இடப்பக்கம் என்றால், எதிரே நிற்பவர் அதைத் தன் வலப்பக்கம் பார்க்கிறார். நீங்கள் கண்ணாடியில் அதை இடப்பக்கமே பார்க்கிறீர்கள். 1977-ல் அமெரிக்காவில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒருவரின் சரியான படத்தையும் அதையே கண்ணாடி போலத் திருப்பிய படத்தையும் அவரிடமும் அவருடைய நெருங்கியவரிடமும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் திருப்பிய படம் பிடித்தது. நெருங்கியவர்களுக்குச் சரியான படம் பிடித்தது. திரும்பத் திரும்பப் பார்த்தது எதுவோ அதையே மனம் விரும்பத் தொடங்கிவிடும் என்பதுதான் காரணம். இதைப் பழக்கப் பிடிப்பு என்று சொல்லலாம்.

முன் கேமரா இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. எடுக்கும்போது திரையில் கண்ணாடி போலக் காட்டும். எடுத்து முடித்ததும் பல போன்கள் அதைத் திருப்பிச் சரியாகச் சேமிக்கும். "எடுக்கும்போது நல்லாத்தான் இருந்தது, எடுத்தப்புறம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு" என்று புலம்புகிறோமே, அதில் பாதி இதுதான்.

2017-ல் டேவிட் ஒயிட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒவ்வொருவரின் பல படங்களிலிருந்து எதை முகப்புப் படமாக வைக்கலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதே படங்களை அவரை முன்பின் தெரியாதவர்களிடமும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு வேறு அந்நியர்களிடம் காட்டி மதிப்பெண் வாங்கினார்கள். அந்நியர் தேர்ந்தெடுத்த படமே நல்ல அபிப்ராயத்தைப் பெற்றது. தன் படத்தைத் தானே தேர்ந்தெடுத்தவர்கள் தோற்றார்கள்.

அம்மாவிடம் கேட்பதும் சரி வராது. அவர் பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, சாப்பிட்டீர்களா இல்லையா என்பதை.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு ஆய்வு இருக்கிறது. 2011-ல் பிரிட்டனில், நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவருடைய படங்களை ஆளுக்கு இருபது வீதம் நாற்பது எடுத்துக் கலந்து கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒன்றாக அடுக்குங்கள் என்றார்கள். அந்த இருவரையும் அறியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியல்கள் போட்டார்கள். இருப்பது இரண்டே ஆள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பிரபலங்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. நமக்கு நம் முகம் பழகியது, எந்தப் படத்திலும் நாம்தான். புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு, கூகுளில் ஒரு படம், வாட்ஸ்அப்பில் கூலிங் கிளாஸ், லிங்க்ட்இன்னில் கோட் சூட் என்றால் மூன்று வேறு ஆட்கள். தொழிலுக்கு ஒரு படம் என்று முடிவு செய்தால் எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

## அப்படியானால் தம்பி சொன்னது?

அவன் சொன்னதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க மக்களிடம் நடத்திய கருத்தாய்வுகளில் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் போன்றவர்கள் வல்லவர்கள் பட்டியலில் மேலே இருந்தார்கள், ஆனால் நல்லவர்கள் என்ற கணக்கில் அந்த அளவு மதிப்பெண் இல்லை. அறிவாளிதான், ஆனால் ஒட்டமாட்டார் என்ற எண்ணம். வக்கீல், ஆடிட்டர் என்றால் நம் ஊரிலும் அதே முகச்சுளிப்பு உண்டு.

இந்த எண்ணத்தைச் செல்ஃபி மாற்றுமா என்று 2019-ல் ஒரு குழு சோதித்தது. 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டினார்கள். சிலருக்கு ஆய்வகத்தில் விஞ்ஞானி தானே எடுத்துக்கொண்ட படம். சிலருக்கு அதே மாதிரி ஆய்வகம், ஆள் மட்டும் இல்லை. முகத்தோடு பார்த்தவர்கள் விஞ்ஞானிகளை அதிகம் நல்லவர்களாகக் கருதினார்கள். முக்கியமான விஷயம், வல்லவர் மதிப்பெண் குறையவில்லை. பெண் விஞ்ஞானிகளின் செல்ஃபிகளைப் பார்த்தவர்களிடம், அறிவியல் ஆண்கள் சமாச்சாரம் என்ற எண்ணமும் தளர்ந்தது.

இது முன்னே சொன்ன கால்டெக் ஆய்வோடு மோதுகிறதே என்று தோன்றலாம். அங்கே கிட்டத்து முகம் நம்பிக்கையைக் குறைத்தது, இங்கே செல்ஃபி பிரியத்தைக் கூட்டியது. என் கணிப்பு இது. அங்கே காட்டியது வெறும் முகம். இங்கே முகத்துக்குப் பின்னால் வேலை இருந்தது. வேறு ஒன்றும் தெரியாதபோது நெருக்கம் உறுத்துகிறது. கையில் சோதனைக் குழாயோடு ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தால், அவர் நம்மைத் தன் இடத்துக்கு உள்ளே அழைத்த மாதிரி ஆகிவிடுகிறது. தச்சர் பட்டறையில் நின்று எடுத்த செல்ஃபியும், அதே தச்சர் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து எடுத்த செல்ஃபியும் ஒன்றல்ல. நம் ஆட்களுக்குக் கார் சீட் செல்ஃபியில் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பது மட்டும் உண்மை.

2015-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் அங்கே வேலை பார்த்த ஐசிஸ் வெங்கர் என்ற பெண் பொறியாளரின் படம் வந்தது. இவரைப் பார்த்தால் இன்ஜினீயர் மாதிரியா இருக்கிறது என்று இணையத்தில் கேலி. அவர் கையில் எழுதிய ஒரு காகிதத்தோடு தன் படத்தைப் போட்டார். 'நான் இன்ஜினீயர் மாதிரிதான் இருக்கிறேன்' என்ற பொருள் வரும் ஹேஷ்டேக் அது. உலகம் முழுக்கப் பெண் பொறியாளர்கள் அதன் கீழே தங்கள் படங்களைப் போட்டார்கள். அதே ஆண்டில் பெண் அறுவை சிகிச்சை மருத்துவர்களும் இப்படி இறங்கினார்கள். ஒரு தொழிலின் முகம் எப்படி இருக்கும் என்று ஊர் வைத்திருக்கும் படத்தையே மாற்ற, தானே எடுத்த படம்தான் கையில் இருந்த கருவி. ஸ்டுடியோ படத்தால் அந்த வேலை நடந்திருக்காது.

சுருக்கமாக: முகம் நல்லவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. பின்னால் தெரியும் இடமும் கையில் இருக்கும் வேலையும் வல்லவரா என்பதற்குப் பதில் சொல்கின்றன. இரண்டும் ஒரே சட்டகத்தில் வந்தால் நல்லது.

## எல்லா உறவும் ஒரே பந்தியில்

கல்யாணப் பந்தியில் உங்கள் ஒரு பக்கம் பெரியப்பா, மறுபக்கம் கல்லூரி நண்பன், எதிரே மேனேஜர். மூவரிடமும் தனித்தனியாகப் பேசும் பேச்சு உங்களிடம் உண்டு. மூவரும் ஒன்றாக உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு பாயசத்தைப் பார்க்கிறோம். இணையத்தில் எல்லா நாளும் அந்தப் பந்திதான். வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு முகம் காட்டும் வசதி போய், எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கும் நிலையைச் சூழல் சரிவு என்கிறார்கள் சமூகவியலாளர்கள். குற்றாலத்தில் அருவிக்குக் கீழே எடுத்த படம் நண்பர்களுக்கானது. வாட்ஸ்அப் முகப்பில் வைத்தால் வங்கி மேலாளரும் அதையே பார்க்கிறார்.

உடனே "அப்போ சொந்தப் படமே போடக்கூடாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எது தொழிலுக்குப் பொருந்தாத படம் என்று யார் தீர்மானிப்பது? இதைக் கேட்க வைத்த ஒரு சம்பவம் 2020-ல் நடந்தது. ரத்தநாள அறுவை சிகிச்சைக்கான ஒரு அமெரிக்க மருத்துவ இதழில், இளம் மருத்துவர்களின் சமூக வலைதளப் பக்கங்களை ஆராய்ந்த கட்டுரை வந்திருந்தது. நீச்சலுடைப் படம், கையில் மதுக்கோப்பை போன்றவற்றை அது தொழிலுக்கு ஒவ்வாதவை என்ற பட்டியலில் சேர்த்திருந்தது. ஜூலையில் விஷயம் வெளியே பரவியதும் பெண் மருத்துவர்கள் கொதித்துவிட்டார்கள். தங்கள் நீச்சலுடைப் படங்களை வரிசையாகப் போட்டு, கடற்கரையில் என்ன உடுத்துகிறேன் என்பதற்கும் என் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆண் மருத்துவர் கடற்கரையில் சட்டையில்லாமல் நின்றால் ஜாலியான ஆள், பெண் மருத்துவர் நின்றால் பொறுப்பில்லாதவர் என்று எடை போடும் தராசில் பிழை இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கையிலும் அந்தப் பழைய தராசுதான் இருக்கக்கூடும். எனவே தொழிலுக்கு ஒரு கணக்கு, சொந்தத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைப்பது வசதி. அது ஒழுக்கம் பற்றிய விஷயம் இல்லை, நிம்மதி பற்றியது.

## படத்துக்குள் இருக்கும் மற்றவர்கள்

நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன். ஒரு முறை புது நாற்காலி வாங்கிய சந்தோஷத்தில் அலுவலகத்திலேயே ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். "அண்ணே, நாற்காலி நல்லா இருக்கு. பின்னாடி ஸ்கிரீன்ல என் கடை பேரும் இந்த மாச விற்பனையும் அதைவிட நல்லாத் தெரியுது." முகம் சிவந்துபோய் அழித்தேன். அதற்குள் நாற்பத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

செல்ஃபி எடுக்கும்போது நாம் நம் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம். கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது. நோயாளியின் ஸ்கேன், மாணவரின் மதிப்பெண் பட்டியல், கட்சிக்காரரின் கேஸ் கட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டு அந்த மாதமே நிறுத்திவைத்த விதிகளில்கூட, நோயாளிகளின் படங்களையும் ஸ்கேன்களையும் சமூக வலைதளத்தில் போட வேண்டாம் என்று இருந்தது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வலியோடு படுத்திருப்பவர் பின்னணி அலங்காரம் ஆகக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் படத்தின் பின்பக்கம் தேதியும் நெகட்டிவ் எண்ணும் பென்சிலால் எழுதித் தருவார். போனும் அப்படித்தான் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, நேரம், போன் மாடல், அனுமதித்திருந்தால் எடுத்த இடம் வரை குறித்து வைக்கிறது. இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் கேமரா அமைப்பில் இருப்பிடக் குறிப்பை அணைத்து வைப்பது நல்லது.

## பளபளப்பு எதுவரை?

ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல போன்களில் முகத்தை மழுங்கடிக்கும் அழகூட்டும் வசதி வாங்கும்போதே ஓரளவு போட்டு வைத்திருக்கும், போய்ப் பாருங்கள். முகப்பருவை நீக்குவது வேறு, பத்து வயதை நீக்குவது வேறு. வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் நோயாளி எதிரே வந்து நிற்பவரையே பார்த்து "டாக்டர் எப்ப வருவாங்க?" என்று கேட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இப்போது ஏஐ செயலிகள் நாலு செல்ஃபியைக் கொடுத்தால் கோட் சூட் போட்ட படமே செய்து தருகின்றன. நீங்கள் போடாத கோட்டும் நீங்கள் நிற்காத அலுவலகமும் அதில் இருக்கும். அதைப் பார்த்து வருபவர் உங்களிடம் முதலில் தெரிந்துகொள்வது ஒரு பொய்யை.

வெளிச்சத்துக்கு ஒரே குறிப்பு. தலைக்கு மேல் எரியும் டியூப் லைட் கண்ணுக்குக் கீழே குழி போடும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், முதுகு காட்டி அல்ல. அப்புறம், முகப்புப் படம் பல தளங்களில் வட்டமாகவும் நெல்லிக்காய் அளவிலும்தான் தெரியும். நெஞ்சுக்கு மேல் இருந்தால் போதும், முழங்கால் வரை வேண்டாம்.

## அந்த ஏழு படங்கள் என்ன ஆயின?

ஏழையும் ஓரம் கட்டினோம். அவள் கிளினிக்கில் நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து, பத்து நொடி டைமர் வைத்துப் புதிதாக ஐந்து எடுத்தாள். மூன்றாவது எடுக்கும்போது பாட்டில் நழுவிப் போன் கவிழ்ந்தது, அதில் மின்விசிறி மட்டும் பதிவாகியிருக்கிறது. மிச்சம் நான்கையும் எண் போட்டு, அவளை அறியாத என் வாடிக்கையாளர்கள் மூன்று பேருக்கு அனுப்பினேன். "முட்டி வலின்னா இதுல எந்த ஆள்கிட்ட போவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

இருவர் நான்காவது என்றார்கள். மூன்றாமவர் "எல்லாம் ஒரே பொண்ணுதானே, ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டார்.

நான்காவதை வைக்கச் சொல்லி அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும்தான். பிறகு பதில் வந்தது.

"நாலா? அதுல என் வகிடு தப்பான பக்கம் இருக்கு மாமா."